அமாவாசை இரண்டு நாள்களில் பரவியிருந்தால் தர்ப்பணம் எந்த நாளில்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் வருஷாப்திகம் (முதலாண்டு நினைவுச் சடங்கு) நிறைவுற்றதால், இம்மாதம் முதல் அமாவாசைத் தர்ப்பணம் செய்யத் தொடங்குகிறேன். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கப்படி அமாவாசை திதி முதல் நாள் முற்பகல் 11.40 மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை 10.15 மணிக்கு முடிகிறது. உதயத்தில் உள்ள திதியே அந்த நாளின் திதி என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால், மறுநாள்தான் உரியது என்று எண்ணியிருந்தேன். எங்கள் குடும்பப் புரோகிதரான வாத்தியாரோ முதல் நாளே செய்ய வேண்டும் என்கிறார். அவர் சொல்லை மீறும் எண்ணமில்லை. காரணம் தெரிந்து செய்ய விரும்புகிறேன்.

பதில் 1:
வாத்தியார் சொன்னதே சரி. சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்ல ஆகும் நேரமே ஒரு திதி. சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு திதி ஏறத்தாழ 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரம் வரையும் நீளலாம். எனவே அது நம்முடைய நாளோடு பொருந்தி நிற்பதில்லை. உதயத் திதி என்னும் விதி பல விரதங்களுக்குப் பொருந்தும், பித்ரு காரியத்திற்கு, அதாவது முன்னோருக்குச் செய்யும் சடங்கிற்கு, பொருந்தாது. பகல் பொழுதை ஐந்து கூறாக்கினால் நான்காவது கூறு அபராஹ்ணம். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று கொண்டால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை, அதாவது 6 நாழிகை. அந்த வேளையில் எந்த நாளில் அமாவாசை இருக்கிறதோ அந்த நாளே தர்ப்பணத்திற்கு உரியது. தாங்கள் குறிப்பிட்ட கணக்கில் முதல் நாள் அபராஹ்ணம் முழுவதும் அமாவாசை நிற்கிறது. மறுநாள் அந்த வேளைக்கு முன்பே அடுத்த திதியாகிய பிரதமை வந்துவிடுகிறது.

இதன் பின்னணி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பித்ருக்கள் சந்திர மண்டலத்தின் மேற்புறத்தில் வசிப்பதாகப் பழைய வானியல் நூல்களாகிய சித்தாந்தங்கள் கூறுகின்றன. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே பாகையில் கூடும்போது, நமக்குத் தெரியாத அந்த மறுபக்கத்தில் சூரியன் உச்சியில் இருக்கிறது. ஆகவே நமக்கு இருண்ட நாளாகிய அமாவாசை அவர்களுக்கு நடுப்பகல், உணவு கொள்ளும் வேளை. எள்ளும் நீரும் அன்று கொடுக்கப்படுவது அதனால்தான்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆடி, தை அமாவாசைகளிலும் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையிலும் இராமேசுவரம் அக்னி தீர்த்தம், வேதாரண்யம், பவானி கூடுதுறை போன்ற இடங்களில் விடியற்காலையிலேயே மக்கள் நீராடித் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். அது தீர்த்தத்தை ஒட்டிய வழக்கம். அதைக் கொண்டு வீட்டில் செய்யும் மாதாந்திரத் தர்ப்பணத்தின் வேளையை மாற்ற வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தில் போதாயன அமாவாசை என்று தனியே குறித்திருந்தால், அது போதாயன சூத்திரம் என்னும் சடங்கு நெறி நூலைப் பின்பற்றுவோருக்கு உரியது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் தற்கால வானியல் கணக்கைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் திதி முடிவில் வேறுபாடு வருவதுண்டு. குடும்பத்தில் எதைப் பின்பற்றுகிறீர்களோ அதையே எல்லா மாதமும் பின்பற்றுங்கள். மாதந்தோறும் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வது முறையன்று.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. முதல் நாள் பிற்பகல் 1 மணிக்கு நான் பணிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பு செய்தால் குறையாகுமா?

பதில் 1:
ஆகாது. பகலை 15 சம கூறாக்கினால் வரும் முகூர்த்தங்களில் எட்டாவதாகிய குதப காலம் பித்ரு காரியத்திற்குச் சிறப்பானது. அது ஏறத்தாழ 11.36 முதல் 12.24 வரை. 11.40 மணிக்குத் திதி தொடங்கிவிடுவதால், அதன் பின் நீராடி, மடி வஸ்திரம் உடுத்தி, தெற்கு நோக்கி அமர்ந்து, பூணூலை வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எள்நீர் வழியுமாறு நிதானமாகச் செய்து முடிக்கலாம். தர்ப்பணம் முடியும் வரை வாசலில் கோலமிட வேண்டாம் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சங்கல்பத்தில் (தொடக்கத்தில் சொல்லும் உறுதிமொழியில்) சொல்ல வேண்டிய கோத்திரத்தையும் மூன்று தலைமுறைப் பெயர்களையும் இப்போதே எழுதி வாத்தியாரிடம் காட்டிவிடுங்கள். முதல் முறை செய்பவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.