தேவனுடைய தெரிந்துகொள்ளுதலைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்தது அம்மாவைப் பயப்படுத்திவிட்டது. இனி என்ன சொல்வது?

தேரிக்காட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை. வேலை கோயம்புத்தூரில். ஆறு வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒரு வீட்டு ஐக்கியத்தில் சேர்ந்தேன். வேதத்தை வரிவரியாகப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். ரோமர் நிருபத்தை மட்டும் ஒன்றரை வருடம் படித்தோம். முழுச் சீர்கேடு, நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல் (யாரை இரட்சிப்பது என்று தேவனே முன்கூட்டித் தெரிந்தெடுப்பது) என்று, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த ஐந்து உபதேசங்களையும் மனதார ஏற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ஏற்றுக்கொள்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கால்வினை விட்டுவிடு" என்ற பதிலைத் தேடி நான் இங்கே வரவில்லை.

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. அதற்குமுன் ஒவ்வொரு கன்வென்ஷனிலும் கையைத் தூக்கி, முன்னால் போய் முழங்காலில் நின்று, அழுது, வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் பழையபடி விழுந்து, அடுத்த வருடம் மறுபடியும் கையைத் தூக்கியவன் நான். "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்ற யோவான் 15:16 ஒருநாள் உள்ளே இறங்கியது. அன்றைக்கு ராத்திரி சிறுபிள்ளை மாதிரித் தூங்கினேன்.

இப்போது பிரச்சினை அம்மா. 74 வயது. போன மார்ச்சில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இங்கே கூட்டி வந்துவிட்டேன். அம்மாவின் பக்தி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். உலையில் அரிசி போடும்போது முதல் பிடியை ஆலயத்துக்கென்று தனிப் பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த வருடங்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. விடியற்காலை நாலரைக்குப் பாயில் உட்கார்ந்தபடியே எங்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லி ஜெபிப்பார். பெயர் வரிசைகூட மாறாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அம்மா, நீங்க எந்த வருஷம் இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டேன். "சின்னப்பிள்ளையில இருந்தே ஆண்டவரத் தெரியும்லா ஐயா" என்றார். நான் விடவில்லை. பரம்பரைக் கிறிஸ்தவம் வேறு, மறுபிறப்பு வேறு என்றேன். பிடி அரிசி யாரையும் இரட்சிக்காது என்றேன். சாயங்காலந்தோறும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ரோமர் 9 நடத்தினேன். குயவன், களிமண், கோபாக்கினைப் பாத்திரங்கள். "அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்." அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாகப் புரிந்துகொள்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி கேட்டார்: "எய்யா, அவரு என்ன எடுக்கலன்னா நான் என்ன செஞ்சும் ஆகாது, அப்படித்தான?" நான் பதில் தேடுவதற்குள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆயர் நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். அபாத்திரமாய் வாங்கி ஆக்கினையைத் தேடிக்கொள்ளக் கூடாதாம். நாலரைக்கு விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் உட்காருவதில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். எங்கள் பெயர்களை இப்போது யாரும் சொல்வதில்லை.

ஐக்கியத்தில் கேட்டேன். "அது பாவ உணர்வாக இருக்கலாம், அல்லது உன் தாயார் தெரிந்துகொள்ளப்படாதவராக இருக்கலாம், இரண்டிலும் தேவனுக்கே மகிமை" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

உபதேசம் சத்தியம் என்று நம்புகிறேன். என் அம்மாவிடம் "நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? இல்லையென்றால் வேறு என்ன சொல்வது?

*

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, நானும் உங்கள் கட்சிதான். முப்பது வருடமாகச் சீர்திருத்த விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் சொல்லிக்கொடுத்தது சத்தியம், உள்ளே போன வாசல் தப்பு.

கால்வின் கிறிஸ்தவ உபதேசங்களைத் தொகுத்து எழுதிய பெரிய நூலின் கடைசிப் பதிப்பு 1559இல் வந்தது. அதில் தெரிந்துகொள்ளுதல் எங்கே வருகிறது என்று பாருங்கள். மூன்றாம் புத்தகத்தில் 21ஆம் அதிகாரத்தில். அதற்குமுன் விசுவாசம், மனந்திரும்புதல், நீதிமானாக்கப்படுதல் எல்லாம் முடிந்து, ஜெபத்தைப் பற்றி மிக நீண்ட ஓர் அதிகாரமும் முடிந்த பிறகுதான் அதைத் தொடுகிறார். ஏற்கெனவே முழங்காலில் இருப்பவனுக்குச் சொல்லும் ஆறுதல் அது. நீங்கள் அதைக் கட்டிலில் கிடக்கும் ஒரு விசுவாசிக்கு நுழைவுத் தேர்வாக வைத்துவிட்டீர்கள்.

அதே பகுதியில், தேவனுடைய இரகசிய ஆலோசனைக்குள் நேராகப் புகுந்து தன் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறவன் ஆழ்சுழியில் விழுகிறான் என்று எச்சரிக்கிறார். பிறகு எங்கே பார்ப்பது? கிறிஸ்துவே கண்ணாடி, அவருக்குள்தான் நம்முடைய தெரிந்துகொள்ளுதலைப் பார்க்க வேண்டும் என்கிறார். எபேசியர் 1:4இலும் "கிறிஸ்துவுக்குள்" என்ற சொல்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் படித்தால் மிஞ்சுவது வெறும் விதி.

அடுத்து தோர்ட் சங்கம் என்ற சபை மாநாடு. நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதலை மறுத்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸ் 1609இல் இறந்தார். அவர் பக்கத்து ஆட்கள் 1610இல் ஐந்து குறிப்புகள் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக நெதர்லாந்தின் தோர்ட்ரெக்ட் நகரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடிப் பேசித் தீர்மானித்ததுதான் நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் ஐந்து. உங்கள் ஐக்கியத்தில் தலைப்புகளைப் படித்திருக்கிறார்கள், முதல் பிரிவின் 16ஆம் விதியைப் படித்திருக்க மாட்டார்கள். அது உங்கள் அம்மாவுக்கென்றே எழுதினது போல இருக்கும். உயிருள்ள விசுவாசமும் நிச்சயமும் தங்களுக்குள் இன்னும் திடமாக உணராதவர்கள், ஆனால் தேவன் கொடுத்த வழிகளை விடாமல் பயன்படுத்துகிறவர்கள், தள்ளப்படுதல் (தேவன் சிலரைத் தெரிந்துகொள்ளாமல் விடுவது) என்ற பேச்சைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை, தங்களைத் தள்ளப்பட்டவர்களோடு சேர்க்கவும் கூடாது என்கிறது. நெரிந்த நாணலை முறிக்காதவர், மங்கியெரிகிற திரியை அணைக்காதவர் என்ற ஏசாயாவின் வாக்குத்தத்தத்தையும் அங்கே வைக்கிறது. இது கால்வினியத்துக்கு எதிரிகள் எழுதியதல்ல, தம்பி. தோர்ட் எழுதியது.

இன்னொன்று. இரட்சிக்கப்பட்ட தேதியைக் கேட்பது தோர்ட்டிலும் இல்லை, கால்வினிடமும் இல்லை. உங்களுடைய பழைய கன்வென்ஷன் மேடையிலிருந்து நீங்கள் கூடவே எடுத்து வந்தது அது. ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் பியூரிட்டன் போதகருக்கும் தன் மனமாற்றத்தின் நாளைச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ரொம்பக் காலம் கலங்கினார். பெற்றோர் வளர்ப்பின் மூலமாகவும் தேவன் கிருபையைக் கொடுக்கிறார் என்று புரிந்தபின்தான் ஆறினார். தீமோத்தேயுவுக்கு எந்தத் தேதி? பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், குழந்தைப் பருவத்திலிருந்தே வேத எழுத்துக்கள், அவ்வளவுதான். உங்கள் அம்மா சொன்ன பதில் 2 தீமோத்தேயு 3:15. அதைத் தப்பு என்றீர்கள்.

*

பெரேயா வாசகன் எழுதியது:

சகோதரரே, சத்தியத்தைச் சொன்னதற்காக ஏன் வருந்த வேண்டும்? ரோமர் 9:20ஐ வாசியுங்கள். "மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?" சொந்தத் தாய் என்பதால் உபதேசத்தை மென்மையாக்கக் கூடாது.

*

பழைய வாத்தியார் எழுதியது:

பெரேயாவுக்கு: அதே அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களையும் வாசித்துவிட்டு வாருங்கள். மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் இருக்கிறது, என் ஜனத்துக்காக நானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிறார் பவுல். பத்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் மறுபடியும் ஜெபம். நடுவில் இருக்கும் குயவனை மட்டும் உருவியெடுத்து ஒரு வயதான தாயின் கட்டிலருகே கொண்டுபோக பவுல் அனுமதி கொடுக்கவில்லை. தவிர, அந்தத் தாய் யாரோடு தர்க்கம் பண்ணினார்? பயந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

*

மெதடிஸ்ட் வீட்டுப் பெண் எழுதியது:

அண்ணா, நான் எதிர்ப்பக்கம். மறைக்கவில்லை. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது தேவ சித்தம் என்று 1 தீமோத்தேயு 2:4 சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். எருசலேமைப் பார்த்து "மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று ஆண்டவர் புலம்பியதும் உண்மையான புலம்பல் என்றே நம்புகிறேன். வாத்தியார் ஐயா எவ்வளவு அழகாக விளக்கினாலும், "என்னை எடுக்காமல் விட்டிருப்பாரோ" என்ற கேள்விக்கு அந்த உபதேசத்தில் இடம் இருந்துகொண்டேதான் இருக்கும். வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1773இலிருந்து 1800இல் சாகும்வரை, தான் தள்ளப்பட்டவன் என்றே நம்பினார். மனநோயும் அதில் கலந்திருந்தது, உபதேசத்தின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆனால் நோய் பிடித்துக்கொள்ள அந்த உபதேசத்தில் ஒரு கொக்கி இருந்தது. அவருடைய நண்பர் ஜான் நியூட்டனும் கால்வினியர்தான். அவராலும் அந்தக் கொக்கியைக் கழற்ற முடியவில்லை.

சரி, வாதம் போதும். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். சாகிற நேரத்தில் பயப்படும் பக்தியுள்ள பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பயத்தில் இருப்பவரிடம் இன்னொரு பாடம் நடத்தாதீர்கள், சரியான பாடமாக இருந்தாலும். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று அந்த வார்த்தையிலேயே. பிறகு அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எதையாவது அவரோடு சேர்ந்து சொல்லுங்கள், பாடுங்கள். மூளை களைத்தாலும் வாய்க்குத் தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு "பிளவுண்ட மலையே" பாட்டு தெரிந்திருக்கும். அதை எழுதிய டாப்லேடி கடுமையான கால்வினியர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் ஜான் வெஸ்லியை எழுத்தில் கிழித்தவர். ஆனாலும் அதைப் பாடாத மெதடிஸ்ட் வீடு எனக்குத் தெரியாது. என் பாட்டியின் அடக்கத்தில் நாங்கள் பாடியதும் அதுதான். வெஸ்லியும், கால்வின் பக்கம் நின்ற அவருடைய நண்பர் விட்ஃபீல்டும் இதே விஷயத்துக்காக 1740 வாக்கில் அச்சிலேயே சண்டை போட்டார்கள். 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது, அவர் விருப்பப்படியே லண்டனில் அடக்கப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

*

தேரிக்காட்டுக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பெரேயா சகோதரருக்கும்தான், ஏனென்றால் அவர் எழுதியதில் மார்ச் மாதத்து என் குரலைக் கேட்டேன்.

தங்கச்சி சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். நாலரைக்கு எழுந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அம்மா, உங்க விசுவாசத்தை நான் சந்தேகப்பட்டது தப்பு" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையில் கை மட்டும் வைத்தார். அடுத்த நாளும் போனேன். யோவான் 6:37ஐ வாசித்தேன். "பிதாவானவர் எனக்குக் கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும்." இது எனக்குப் பிடித்த பாதி. ஆறு வருடமாக நான் இதோடு நிறுத்திவிடுவேன். அன்றைக்கு மீதியையும் வாசித்தேன்: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை."

"மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். "வந்தவள தள்ள மாட்டாராமா?" என்றார். "தள்ள மாட்டார்னு அவரே சொல்றாரும்மா" என்றேன். "நான் வந்து அறுபது எழுபது வருஷம் ஆச்சே" என்றார். எந்த வருடம் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வாத்தியார் ஐயா, நான் இன்னமும் ஐந்தையும் நம்புகிறேன். யாராவது கிறிஸ்துவிடம் வந்தால் அது பிதா இழுத்துக்கொண்டதால்தான். அம்மா வந்திருக்கிறார். ஆகவே இழுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். இதை இந்தத் திசையில் யோசிக்க ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாட்டு இன்னும் பாடவில்லை, மூச்சு வாங்குகிறது. ஜெபம் வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நான் போவதற்கு முன்பே உட்கார்ந்திருந்தார். பெயர் வரிசை அதேதான். கடைசியில் எனக்குத் தெரியாத ஒரு பெயர் இருந்தது. கேட்டால், மாடியில் வாடகைக்கு இருக்கும் பையனாம், வேலை கிடைக்கவில்லையாம்.

நேற்று, நற்கருணைக்கு ஆயரை வரச்சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். எங்கள் ஊரில் ஆயரை ஐயர் என்றுதான் சொல்வோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐயரு வந்தா காப்பி போடப் பாலு இருக்கா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச்சொல்லியிருக்கிறேன்.