ஹீலியோஸ் 44-2-ல் பூ எடுத்தால் பின்னணி சுழலவே மாட்டேன் என்கிறது, எங்கே தவறு?

இதழோரம்

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஹீலியோஸ் 44-2 லென்ஸ் ஒன்று கைக்கு வந்தது. 58 மி.மீ., எஃப்/2, சோவியத் காலத்துச் சரக்கு. இதில் எடுத்த பூப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது. நடுவில் பூ அசையாமல் நிற்கும், பின்னால் இருக்கிற இலையும் வெளிச்சமும் அதைச் சுற்றி ஓடுவது போல இருக்கும், பார்த்திருப்பீர்கள். என் படங்களில் அந்தச் சுழல் மருந்துக்குக்கூட இல்லை. பின்னணி மங்குகிறது, அவ்வளவுதான், அது எந்த லென்ஸ் போட்டாலும் மங்கும்.

நான் எடுக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏ.பி.எஸ்-சி என்கிற சின்ன அளவுச் சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமரா, பழைய திருகு லென்ஸை அதில் மாட்ட எம்42 அடாப்டர். இந்த லென்ஸ் அரை மீட்டருக்கு மேல் கிட்டே போகாது, எனக்கோ செம்பருத்தி படச் சட்டம் முழுக்க நிரம்ப வேண்டும், அதனால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் 16 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப், கிட்டே போக உதவும் வெற்றுக் குழாய். எஃப்/2-வில் எடுத்தால் பத்தில் ஒன்பது ஃபோகஸ் தப்பிவிடுகிறது என்று துளையைக் கொஞ்சம் மூடி எஃப்/4 வைத்திருக்கிறேன். பின்னால் தூரத்தில் வெள்ளைச் சுவர், சில படங்களில் புல்தரை.

இன்னொன்று. பாதிப் படங்கள் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்திருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், நாலைந்து தூசி தவிர எதுவும் தெரியவில்லை. லென்ஸ்தான் பழுதா? வேறொன்று தேடிக்கொள்ளலாமா?

பழங்கண்ணாடி

லென்ஸை மாற்றாதீர்கள்! நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது நன்றாகத்தான் இருக்கிறது. சுழல் உள்ளே வருவதற்கு நான்கு வாசல், நான்கையும் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டீர்கள்.

முதலில் ஒரு சோதனை, இரண்டு நிமிடம் போதும். லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழைகிற துளையை, எஃப்/2-க்கு முழுக்கத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கையை நீட்டிப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் உள்ளே வட்டமான வெளிச்சம் தெரியும். இப்போது மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், அந்த வட்டம் இரண்டு முனையும் கூராகிப் பூனைக் கண் போல ஒடுங்கும். படத்தின் ஓரத்தில் விழுகிற ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் இந்த வடிவத்தில்தான் மங்குகிறது. நடுவில் முழு வட்டம், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கல், ஒடுங்கியவை எல்லாம் நடுவைச் சுற்றி வளைந்து படுத்திருப்பதால் நம் கண்ணுக்கு மொத்தப் பின்னணியும் சுழல்வது போலத் தோன்றுகிறது. ஓரத்தில் இந்த லென்ஸுக்கு இருக்கிற ஆஸ்டிக்மாட்டிசம், அதாவது புள்ளி கோடாக நீளும் குறை, அதை இன்னும் இழுத்துவிடுகிறது. ஹீலியோஸுக்கு மூலமான லென்ஸ் ஸைஸ் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2, அதற்கும் இதே குணம் உண்டு.

சரி, இப்போது எஃப்/4-க்கு மூடிவிட்டு அதே மாதிரி சாயுங்கள். பூனைக் கண் போய்விடும், சாய்த்தாலும் ஏறக்குறைய அதே வடிவம் நிற்கும். உங்கள் சுழலில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று.

அடுத்தது ட்யூப். அதைப் போட்டதும் லென்ஸ் சென்சாரைவிட்டு விலகுகிறது, லென்ஸ் வீசுகிற வட்டப் படம் பெரிதாகிறது, சென்சாருக்குக் கிடைப்பது அந்த வட்டத்தின் நடுப்பகுதி மட்டும். உங்களுக்கு வேண்டியதெல்லாம் ஓரத்தில் இருக்கிறது, அது வெளியே போய் விழுகிறது. மூன்றாவது வாசல் சென்சார், ஏ.பி.எஸ்-சி ஏற்கெனவே ஓரத்தை வெட்டியதுதான், அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்?

கடைசி வாசலில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளைச் சுவரில் சுழல என்ன இருக்கிறது? பின்னணியில் சின்னச் சின்ன வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வர வேண்டும். இலை இடுக்கில் தெரியும் வானம், ஈர இலையில் மின்னும் வெயில், இதெல்லாம்தான் சுழல்கிற பொருள். பூவுக்கு 2, 3 மீட்டர் பின்னால் அடர்ந்த புதர் இருந்தால் எனக்கு நன்றாக வருகிறது. மிகவும் தள்ளிப் போனால் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து ஒரே சாயமாகிவிடும்.

அப்புறம், 44-2-ல் அபர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் எண்ணை வைக்கிறோம், மற்றது அந்த எண் வரை திறந்து மூடுகிறது. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முன்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து அபர்ச்சரின் எட்டுத் தகடும் ஒதுங்கி இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெயில்தேடி

வெளுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். சூரியன் எந்தப் பக்கம் இருந்தது? இதழ் உள்ளிருந்து ஒளிர வேண்டும் என்று எதிர்வெயிலில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடி மேல் பூசிய அந்தக் காலத்துக் கோட்டிங்குக்கு அவ்வளவு வெயிலைத் தாங்கத் தெம்பில்லை. சூரியன் சட்டத்துக்குள் வர வேண்டும் என்றுகூட இல்லை, முன்கண்ணாடியில் ஓரமாக ஒரு கீற்று விழுந்தாலே கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். லென்ஸின் முன்னாலுள்ள 49 மி.மீ. திருகுக்கு வெயிலை மறைக்கிற ஆழமான ஹூட் ஒன்று போடுங்கள். இல்லையென்றால் இடது கையை லென்ஸுக்கு மேலே நிழலாக நீட்டிக்கொண்டு வியூஃபைண்டரைப் பாருங்கள், கை சரியான இடத்துக்கு வந்ததும் இலைகளின் பச்சை சட்டென்று அடர்த்தியாகும், அது கண்ணெதிரே நடக்கும்.

ட்யூபின் உட்சுவரையும் பாருங்கள். சிலவற்றில் உள்ளே பளபளவென்று இருக்கும், அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் படத்தின் நடுவில் ஒரு வெளுத்த திட்டாக விழும். நாலைந்து தூசி படத்தில் தெரியாது, அதற்காக லென்ஸைத் திறக்க வேண்டாம்.

ஆனால் அந்த வெளுப்பை முழுக்க விரட்டிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிர் இளஞ்சிவப்புப் பூவுக்குக் கொஞ்சம் மூட்டம் இருந்தால் அழகு. எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பது நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இதழோரம்

பழங்கண்ணாடி அண்ணா, ஜன்னல் சோதனையைச் செய்து பார்த்தேன். பூனைக் கண் அப்படியே தெரிந்தது! இரண்டு வாரம் தேடியது கையிலேயே இருந்திருக்கிறது. ட்யூபின் உட்பக்கமும் வெயில்தேடி சொன்னபடியே பளபளக்கிறது.

ஆனால் எஃப்/2 என்றால் எனக்குப் பயம். தெளிவான விளிம்பில் நிறக்கோடு காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியைப் போட்டுச் சிவப்புக் கோடு வந்த பிறகுதான் எடுக்கிறேன், பெரிதாக்கிப் பார்த்தால் வேறெங்கோ போயிருக்கிறது. இதற்கு என்ன செய்வது? இன்னொரு சந்தேகம், லென்ஸில் வாஸ்லைன் தடவினால் கனவு மாதிரி வரும் என்று ஒருவர் சொன்னார், தடவலாமா?

தாதுமணி

பீக்கிங்கை அணைத்துவிடுங்கள். மாறுபாடு எங்கே அதிகமோ அங்கே அது கோடு போடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எஃப்/2-வில் இந்த லென்ஸ் லேசாக ஒளிர்ந்து மென்மையாக இருப்பதால் சரியான இடத்துக்கு முன்னும் பின்னும் கோடு காட்டிக்கொண்டே இருக்கும். திரையை 5 மடங்கோ 10 மடங்கோ பெரிதாக்கி, கண்ணால் பார்த்து நிறுத்துங்கள்.

எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் பயம் தெளியும். உங்கள் சென்சாரில், அரை மீட்டரில், எஃப்/2-க்குத் தெளிவு ஏறக்குறைய 4 மி.மீ. ஆழம். ஃபோகஸ் வளையத்தை அதே குறைந்தபட்சத் தூரத்தில் வைத்து 16 மி.மீ. ட்யூப் போட்டால் ஒரு மி.மீ.கூடத் தேறாது. பத்தில் ஒன்பது தப்பியது இதனால்தான், உங்கள் கை நன்றாகவே இருக்கிறது. ட்யூப் இல்லாமல் எஃப்/2 எடுப்பது, ட்யூப் போட்டு எஃப்/4 எடுப்பதைவிடச் சுலபம்.

செம்பருத்தி என்றால் எந்த 4 மி.மீ. என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் நீளும் தண்டின் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள் இருக்கும், வெல்வெட் போல, அதற்குக் கீழே மஞ்சள் தாது ஒட்டிய இழைகள். நான் எப்போதும் அந்த ஐந்து பொட்டைத்தான் பிடிப்பேன். அது கூர்மையாக நின்றுவிட்டால் இதழ் எவ்வளவு கரைந்தாலும் கண் ஏற்றுக்கொள்கிறது. மஞ்சள் தாதும் சேர்ந்து தெளிவாக வேண்டுமென்றால் பக்கவாட்டுக்கு வாருங்கள், தண்டு சென்சாருக்கு இணையாகப் படுத்திருக்கிற மாதிரி.

ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை ஒரு விரல் அளவு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியபடி தொடர்ச்சியாக ஆறேழு படம் எடுங்கள். ஷட்டர் 1/500 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும், காற்று நமக்காகக் காத்திருக்காது.

மென்மூட்டம்

வாஸ்லைனை லென்ஸில் தடவவே தடவாதீர்கள், தயவுசெய்து. கோட்டிங்கிலிருந்து அதை முழுக்க எடுப்பது பெரும்பாடு, வளையத்தின் இடுக்கிலும் இறங்கிவிடும். ஆசையாக இருந்தால் பழைய யு.வி. ஃபில்டர் ஒன்றைத் திருகி, அதன் ஓரத்தில் மட்டும் விரல் நுனியால் மிக மெல்லிசாகத் தேயுங்கள், நடுவில் ஒரு நாணய அளவு சுத்தமாக விடுங்கள். எந்தத் திசையில் தேய்க்கிறீர்களோ அதற்குக் குறுக்கே வெளிச்சம் இழுபடும். சக்கரத்தின் ஆரக்கால்போல நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் ஒரு மாதிரி, வட்டமாகத் தேய்த்தால் வேறு மாதிரி.

எனக்கு இதைவிடப் பிடித்தது முன்பக்க மங்கல். அதே செடியின் இன்னொரு பூவையோ இலையையோ லென்ஸுக்கு ஒட்டினாற்போல, ஒரு ஓரத்தில் வரும்படி வைத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் பின்னால் இருக்கிற பூவை எடுங்கள். முன்னால் இருப்பது உருவமே தெரியாமல் நிறமாகக் கரைந்துவிடும். செடியை ஒடிக்க வேண்டாம், நாம் நகர்ந்து இடம் பார்த்தால் போதும்.

லென்ஸை அடாப்டரோடு கழற்றி, கேமராவில் லென்ஸ் மாட்டுகிற வாயான மவுன்ட்டுக்கு முன்னால் ஓரிரு மி.மீ. இடைவெளியில் கையால் பிடித்துச் சாய்த்து எடுப்பதும் உண்டு. லென்ஸ் சாய்ந்ததும் தெளிவு விழுகிற தளமும் சாய்கிறது, ஒரே தூரத்தில் இருக்கிற இரண்டு பூவில் ஒன்று கூர்மையாகவும் மற்றது கரைந்தும் வரும். கேமராவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்கிற அமைப்பைத் திறந்துவைக்க வேண்டும். சென்சார் திறந்து கிடக்கும், காற்று அடிக்கிற நாளில் செய்யாதீர்கள்.

சோப்புக் குமிழி போல விளிம்பு ஒளிரும் வட்டங்கள் வேறு வகை, அதற்குப் பேர் போனது மேயர் ட்ரையோப்லான் 100 மி.மீ. எஃப்/2.8, மூன்றே மூன்று கண்ணாடி. ஹீலியோஸில் அதைத் தேட வேண்டாம்.

வெயில்தேடி

ஹீலியோஸின் முன்கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் போட்டாலும் ஓரமெல்லாம் உருகி வழிகிற மாதிரி வருமே, அதையும் சொல்லலாமே?

பழங்கண்ணாடி

வரும், ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். லென்ஸின் இயல்பான குணம் கைக்கு வருவதற்குள் கண்ணாடியைத் திருப்பினால் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யட்டும்.

இதழோரம்

இன்று காலை எடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். ட்யூப் இல்லை, எஃப்/2, பூவிலிருந்து 70 செ.மீ. போல. பின்னால் சுவர் வராதபடி தரையோடு உட்கார்ந்து, புதரின் இடுக்கில் வானம் தெரிகிற கோணத்துக்கு நகர்ந்தேன். அந்த ஒரு நகர்வில் திரையே மாறிவிட்டது. மேல் மூலை இரண்டிலும் இலை வெளிச்சங்கள் சாய்ந்து வளைகின்றன, நடுவில் பூ. கையை நிழலாகப் பிடித்ததும் வெளுப்பும் போயிற்று. 60 படத்தில் ஐந்து பொட்டும் கூர்மையாக வந்தவை 11, எனக்கு அது நிறைய.

ஒரு குறை. சுழல் இருக்கிறது, ஆனால் மூலையில் மட்டும்தான், நான் பார்த்த படங்களில் அது பூவின் இதழ் வரை நெருங்கி வரும்.

பழங்கண்ணாடி

அது சென்சார் வெட்டியதன் விளைவு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா யாரிடமாவது ஒரு மணி நேரம் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் அடாப்டருக்குப் பதில் 0.71 மடங்கு ஃபோக்கல் ரெட்யூசர், அது வட்டத்தைச் சுருக்கி ஓரத்தைச் சென்சாருக்குள் திரும்பக் கொண்டுவரும், வெளிச்சமும் ஒரு ஸ்டாப் கூடும், அதாவது இரட்டிப்பாகும். அதுவரை பூவைச் சட்டத்தின் நடுவிலேயே வையுங்கள், சுழலின் மையம் அங்கேதான் இருக்கிறது. பூவை ஓரத்துக்குத் தள்ளினால் பூவே இழுபடும்.

இதழோரம்

ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள், இரவலுக்குக் கேட்டுவிட்டேன். நாளை அதே புதர், அதே நேரம், இரண்டு கேமராவிலும் எடுத்து ஒப்பிடப் போகிறேன்.