மறு: ஓவர்கிளாக்ல ராம் தடுமாறுறதுக்குத் தமிழ்ல என்ன? "வேகப்பிசகு" ஒத்து வருமா

எல்லாருக்கும் வணக்கமுங்க, கம்ப்யூட்டர் ராமை (நினைவகத்தை) உறுதி குடுத்த வேகத்துக்கு மேல ஓட்டுறதுதான் ஓவர்கிளாக், அப்ப அது தடுமாறுறதுக்கு ஒரு தமிழ்ச் சொல்லு தேடிட்டிருக்கோமில்லீங்களா, அதுக்கு என் பதில்.

ஐயா, நீங்க "நினைவகக் கோளாறு"ன்னே வெச்சுட்டுப் போலாமேன்னு எழுதியிருந்தீங்க. தம்பி "மிகைக்கடிகார நிலையின்மை"ன்னு போட்டிருந்தாப்ல. ரெண்டும் எனக்கு ஒத்து வரலீங்க. தம்பியோடதுல குத்தம் ஒன்னுதான், அதை வாயால சொல்ல முடியாது, கடையில போய் நின்னு "எங்க சிஸ்டத்துல மிகைக்கடிகார நிலையின்மை இருக்குதுங்க"ன்னா டோக்கன் குடுத்து உக்கார வெச்சுருவாங்க. ஐயாவோடது சொல்ல லேசுதான், ஆனா அர்த்தமே தப்பாப் போயிருது, அதைப் பத்தித்தான் இந்த மடல்.

கோளாறுன்னு சொன்ன உடனே நம்மாளு என்ன நினைப்பான், அந்த ராம் குச்சி கெட்டுப்போச்சு, மாத்தணும்னு. இங்க எதுவுமே கெட்டுப்போகல, அதான் விஷயமே. டிடிஆர்4 ராம் (டிடிஆர்5க்கு முந்தின தலைமுறை) வாங்குறோம், அட்டையில வேகம் 3600னு பெருசாப் போட்டிருக்கும், மாட்டுனா 2133லயோ 2666லயோதான் எந்திரிக்கும். அதுதான் ஜெடெக்னு தரம் வகுக்குற அமைப்பு போட்ட கணக்குப்படி ஓடுற வேகம். 3600 வேணும்னா பயாஸ்ல (மதர்போர்டோட அடிப்படை செட்டிங்) போய் எக்ஸ்எம்பியை, அதாவது ராம் கம்பெனி எழுதி வெச்ச வேக செட்டிங்கை, ஆன் பண்ணணும், டிடிஆர்5ல ஏஎம்டி பிராசஸர் போடுற போர்டுன்னா அதுக்குப் பேரு எக்ஸ்போ. அந்த சுவிட்சைத் தட்டுன நிமிஷமே ஓவர்கிளாக்தான், பிராசஸர் கம்பெனி கணக்குல அது அவங்க உறுதி குடுத்த வேகத்தைத் தாண்டுனது. ராம் கம்பெனி "எங்க சிப் 3600 தாங்கும்"னு சோதிச்சுத்தான் விக்கிறான், ஆனா உங்க பிராசஸரும் உங்க போர்டும் தாங்குமான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

ராமைப் பேசவெக்கிற கன்ட்ரோலர் முன்னெல்லாம் மதர்போர்டு சிப்ல இருந்துச்சு. ஏஎம்டி 2003ல அத்லான் 64ல அதைப் பிராசஸருக்குள்ள கொண்டுபோயிட்டான், இன்டெல் 2008ல. அதனால தடுமாறுறது ராமா, பிராசஸருக்குள்ள இருக்குற கன்ட்ரோலரா, நடுவுல போர்டுல ஓடுற கம்பித்தடமா, வெளிய இருந்து பாத்தா தெரியாது. மூணும் தனித்தனியா நல்லா இருக்கும், ஒன்னு சேந்து அந்த வேகத்துல ஓடுறப்ப மட்டும் எங்கியோ ஒரு பிட்டு (0 இல்லன்னா 1) மாறும். இதைப் போய் நினைவகக் கோளாறுன்னா குத்தத்தை ஆள் தெரியாம ராம் மேல எழுதுன மாதிரி ஆயிருது.

எங்க மச்சான் கதை இதேதான். சேலம் பக்கம் இளம்பிள்ளையில சேலைக்கு கம்ப்யூட்டர் டிசைன் போடுறாரு. டிசைன் ஃபைல் சேவ் பண்ணதுல திடீர்னு ஒரு பட்டை நிறம் மாறிக் கிடக்கும், ஜிப் பண்ணி அனுப்புனா எதிர்ல திறக்காது, விண்டோஸ் நின்னுபோய் நீலத்திரை வர்றப்ப ஒவ்வொரு தடவையும் வேற வேற எர்ரர் பேரு. (இந்த "வேற வேற"ங்கிறதை கவனிங்க. டிரைவர் பிரச்சனைன்னா பெரும்பாலும் ஒரே பேரு திரும்பத் திரும்ப வரும், பேரு மாறிக்கிட்டே இருந்தா முதல்ல ராம் பக்கம் பாக்கணும்.) ஒரு கடையில காட்டியிருக்காரு, "ராம் போச்சுங்க"ன்னு புதுசா ரெண்டு குச்சியை வித்து பழசோடவே சேத்து மாட்டி அதே 3600ல விட்டுட்டாங்க. முன்னைவிட மோசமாச்சு. ஆகாம என்ன செய்யும், ரெண்டு குச்சியை இழுக்குற கன்ட்ரோலர்கிட்ட நாலைக் குடுத்தா அதுக்கு பாரம் கூடும், அதுவும் வேற வேற ஜோடி. டிடிஆர்5ல இது இன்னும் கொடுமை, ரைசன் 7000 பிராசஸருக்கு ஏஎம்டியே ரெண்டு குச்சின்னா 5200, நாலு போட்டா 3600தான்னு எழுதி வெச்சிருக்கான், யாரு படிக்கிறா.

நான் போய் எக்ஸ்எம்பியை அணைச்சுட்டு மெம்டெஸ்ட்86+னு ராமைச் சோதிக்கிற மென்பொருளைப் போட்டு ராத்திரி பூரா விட்டேன், நாலு குச்சியும் சுத்தம். திருப்பி 3600 வெச்சு ராத்திரி ஓட்டுனா அப்பவும் ஒன்னும் வரல, மச்சான் என்னை ஒரு மாதிரி பாக்குறாரு. மறுநாள் மத்தியானம் அதே டெஸ்ட், சித்திரை வெயிலு, மேல சிமெண்ட் ஷீட்டு, பிழைன்னு சிவப்பு வரி கொட்டுது. இந்த ராம் சிப்புல (டிராம்னு பேரு) ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டர்ல நிக்குற சார்ஜுங்க, அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனாலதான் டிடிஆர்4ல 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லாத்தையும் ஒரு சுத்து புதுப்பிச்சாகணும், சூடு ஏற ஏற கசிவும் ஏறும், சிப் 85 டிகிரியத் தாண்டுனா புதுப்பிப்பை ரெண்டு மடங்காக்கணும்னு தரத்துலயே இருக்கு. அந்த அளவு சூடு ஆகலைன்னாலும் டைமிங்கை (ராம் பதில் சொல்ல விடுற நேரத்தை) இறுக்கி ஓட்டுறப்ப கையில இருக்குற இடைவெளி கம்மி, வெயில் அதைத் தின்னுரும். இதே செட்டை ஏற்காட்டுல வெச்சிருந்தா மச்சானுக்குப் பிரச்சனையே தெரிஞ்சிருக்காது, ஆனா கொண்டை ஊசி வளைவு இருபதும் எறங்கி வந்தா ராம் கெட்டுப்போகுமா என்ன? ஆக சொல்லு எதைக் குறிக்கணும்? பொருளை இல்லீங்க, அந்த வேகத்துல அந்தச் சூழல்ல நடக்குற நழுவலை.

அதுக்குத்தான் வேகப்பிசகுன்னு போடலாம்ங்கிறேன். தறிக்காரங்க வாயில தினம் வர்ற சொல்லு, இழை பிசகிருச்சும்பாங்க, நூலு அறுந்துச்சுன்னு அர்த்தமில்ல, இருக்க வேண்டிய எடத்துல இருந்து கொஞ்சம் நகந்துருச்சு, அவ்வளவுதான்.

> பிசகு கொச்சை, அகராதிக்கு ஏத்ததில்லை

அக்கா, கோவிச்சுக்காதீங்க, பிசகு எந்த அகராதியில இல்ல? கொச்சையா இருந்தாலும் பரவால்லீங்க, வினையா மாறுற சொல்லுதான் நிக்கும். "3600ல பிசகுது, 3466லயும் பிசகுது, 3200ல பிசகாம ஓடுது" — பாருங்க, முழு ட்ரபிள்ஷூட்டிங்கும் ஒரே சொல்லுல வந்துருச்சு. ஸ்டேபிளுக்குத் தனியா மண்டையை உடைக்க வேணாம், பிசகா வேகம். "நிலையின்மை"யை வெச்சு இப்படி ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்க, பாப்போம்.

"மிகைமுடுக்கம்"னு இன்னொருத்தர் குடுத்ததுக்கும் ஒரு வார்த்தை. முடுக்கம்னா நம்ம பள்ளிக்கூட இயற்பியல்ல திசைவேகம் மாறுற வீதம், இங்க வேகம் கூட்டி வெச்ச எடத்துல அப்படியே நிக்குது, அதனால அது வேணாம். ஓவர்கிளாக்குக்கு மிகைவேகம் போதும், ஜெடெக் வேகத்துக்கு உறுதிவேகம், எக்ஸ்எம்பியில எழுதியிருக்குறதுக்கு அட்டைவேகம். கடைசி ஒன்னு பாதி கிண்டல்தான், ஆனா எனக்குப் புடிச்சிருக்கு.

நம்ம சேலத்துக்கு இந்த வேலை புதுசும் இல்ல, 1916லயே ராஜாஜி இங்க வக்கீலா இருந்தப்ப அறிவியல் சொல்லுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்ச எடம்.

பதிவுக்கு இப்படி எழுதி வெச்சிருக்கேன், திருத்துறவங்க திருத்துங்க:

வேகப்பிசகு: உறுதிவேகத்துல சரியா ஓடுற நினைவகம் மிகைவேகத்துல பிட்டு தவறுறது. காரணம் ராமாவோ கன்ட்ரோலராவோ போர்டாவோ சூடாவோ இருக்கலாம். உறுதிவேகத்துலயும் தவறுனா அது வேகப்பிசகு இல்ல, கோளாறு.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம், கடைக்காரர் காசு கேக்குறதுக்கு முன்னாடி நீங்க சோதிக்க வேண்டியதே அதுதான். எக்ஸ்எம்பியை அணைச்சுப் பாருங்க, அப்பவும் தவறுனா ஒத்தைக் குச்சியா மாத்தி மாத்தி, பிராசஸர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு எந்தக் குச்சின்னு கண்டுபிடிங்க. அணைச்சதும் சுத்தமா ஓடுனா வேகத்தை ஒவ்வொரு படியா எறக்குங்க, வோல்டேஜ்ல கை வெக்கிறது கடைசியில. வோல்டேஜ்ல அவசரம் கூடவே கூடாது, 2023ல ரைசன் 7000 எரிஞ்ச விவகாரத்துக்கு அப்புறம் ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்குற பகுதிக்குப் போறது) 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம பயாஸ்லயே பூட்டு போட்டுட்டான். டிடிஆர்5ல சிப்புக்குள்ளயே பிழை திருத்தம் இருக்கே, அப்புறம் எப்படிப் பிசகும்னு தம்பி கேட்டிருந்தாப்ல. அது சிப்புக்குள்ள நடக்குறதை மட்டும்தான் திருத்தும், சிப்புல இருந்து பிராசஸர் வரைக்கும் போற வழியில நழுவுனா அதுக்குத் தெரியவே தெரியாது.

மச்சான் இப்ப பழைய ரெண்டு குச்சியோட 3200ல ஓட்டுறாரு, மத்தியானமும் சுத்தம், டிசைனுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியல. புது ரெண்டை விக்கப் பாக்குறாரு, யாருக்காச்சும் வேணும்னா தனி மடல் போடுங்க.

இன்னொன்னு பாக்கி இருக்கு. டிடிஆர்5 மாட்டி முதல் தடவை ஆன் பண்ணா சில நிமிஷம் திரை கருப்பாவே நிக்குமே, மெமரி டிரெயினிங் (கன்ட்ரோலர் ராமோட ஒத்துப்போற மாதிரி தன்னைச் சரிபண்ணிக்கிறது), போர்டு செத்துருச்சுன்னு பயந்து பாதியில அணைக்குறவங்க நெறைய. "பயிற்சி"ன்னு நேரா மாத்துனா ராம் டியூஷன் போற மாதிரி இருக்கு, "இசைவு பார்த்தல்"னு வெக்கலாமா? அக்கா, இதுக்கு நீங்களே ஒன்னு சொல்லுங்க.