பயணத்துக்கு ஒரே ஜூம் லென்ஸ் போதுமா? அந்த 200 உண்மையில் 200 தானா?

நிழல்விரும்பி:
"18-200 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் அன்றாடப் படங்களுக்கும் பயணத்துக்கும் வேறெதுவும் வேண்டியதில்லை, அதற்குமேல் பை நிறையச் சுமப்பவர்கள் படம் எடுப்பதற்காகச் சுமப்பதில்லை, பார்ப்பவர்களுக்காகச் சுமக்கிறார்கள்" என்று 'ஒருலென்ஸ்போதும்' நேற்று எழுதியிருந்தார். சுமப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. அந்த லென்ஸில் 200 மி.மீ. என்று குவியத்தூரத்தை (இந்த எண் கூடக் கூடப் பொருள் பெரிதாகத் தெரிய வேண்டும்) அச்சிட்டிருக்கிறார்களே, அது 200 தானா என்று அவர் ஒருநாளாவது சோதித்துப் பார்த்திருப்பாரா? இலைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வண்டை அரை மீட்டர் தூரத்தில் வைத்து, ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருகி எடுத்துப் பாருங்கள். அதே இடத்தில் நின்று 105 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (சிறு பொருள்களைக் கிட்டத்தில் எடுப்பதற்கானது) எடுத்த படத்தில் வண்டு அதைவிடப் பெரிதாக இருக்கும். 105ஐ விடச் சிறிதாகக் காட்டுவதற்கு 200 என்று பெயர் வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அதை நம்பி மற்றவர்களுக்குப் பகட்டுப் பட்டம் கொடுப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

ஒருலென்ஸ்போதும்:
ஐயா, லென்ஸில் எழுதப்படும் குவியத்தூரம் முடிவிலியில், அதாவது வெகுதொலைவில், ஃபோகஸ் செய்திருக்கும்போது உள்ள அளவு என்பது ஒளியியலின் முதல் பாடம். மலை, கோபுரம், ஆற்றின் அக்கரையில் நிற்கும் படகு ஆகியவற்றுக்கு அது 200 தான். உள்ளே கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் பெரும்பாலான லென்ஸ்களின் குவியத்தூரம் கிட்டத்தில் குறுகும்; நீங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்த 105 மேக்ரோவும் குறுகத்தான் செய்கிறது. நான் பயணம் போவது மனிதர்களையும் தெருக்களையும் பார்க்கத்தான். வண்டு பிடிக்கப் போகிறவர்கள் வேறு லென்ஸ் வாங்கிக்கொள்ளட்டும்.

நிழல்விரும்பி:
முதல் பாடத்தை நினைவூட்டியதற்கு நன்றி. இரண்டாம் பாடத்தையும் சேர்த்துப் படித்திருக்கலாம். 200 மி.மீ. குவியத்தூரமுள்ள ஒரு மெல்லிய லென்ஸ் பொருளின் பிம்பத்தைச் சென்சாரில் விழவைக்க வேண்டுமானால், பொருளுக்கும் சென்சாருக்கும் இடையே குறைந்தது அதன் நான்கு மடங்கு, அதாவது 800 மி.மீ. தூரம் இருந்தாக வேண்டும். நிக்கானின் 18-200 லென்ஸோ 500 மி.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகிவிடுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கே அது தரும் உருப்பெருக்கம், அதாவது பொருளின் அளவோடு ஒப்பிட்டால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு, 0.22 மடங்கு மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் வரும் குவியத்தூரம் தோராயமாக 75 மி.மீ. மீண்டும் எழுதுகிறேன்: எழுபத்தைந்து. முகத்துக்கு நெருங்கி நின்று 200இல் உருவப்படம் எடுத்தேன் என்று மகிழ்கிறவர்கள், தாங்கள் எடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ளட்டும்.

பழையஃபிலிம்:
1959இல் ஃபோக்ட்லேண்டர் நிறுவனத்தின் ஜூமார் 36-82 ஜூம் லென்ஸ் வந்ததிலிருந்தே இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்போதும் ஜூம் என்றால் படம் மங்கும், சோம்பேறிகளின் கருவி என்று சொன்னவர்கள் உண்டு. பிறகு அவர்களுடைய பைக்குள்ளும் ஒரு ஜூம் வந்து குடியேறியது. மேலும், முன்பொரு விவாதத்தில், லென்ஸைக் காக்க அதன் முன்னால் யு.வி. ஃபில்டர் என்ற கண்ணாடியைப் போடுபவர்களை எல்லாம் 'கண்ணாடிக்குக் கண்ணாடி போடும் கண்ணியவான்கள்' என்று கேலி செய்த அதே நிழல்விரும்பிதானே இவர்? அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

வெயில்காலம்:
ஒரு சிறு ஐயம். 200 ஆ 75 ஆ என்பதை விட, 200 முனையில் ஒளி நுழையும் துளை எஃப் 5.6 ஆகச் (எஃப் எண் கூடினால் துளை சிறிது) சுருங்கிவிடுவதல்லவா பெரிய சிக்கல்? எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாமல் ஒரே குவியத்தூரமுள்ளது) அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பொழுது சாய்ந்த பிறகு ஓடி விளையாடும் குழந்தையை எடுக்க, ஒன்றில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன்) 6400 வேண்டுமென்றால் மற்றொன்றில் 640 போதும். அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். குழந்தையை அது நிறுத்திவைக்காது. இதைப் பற்றி இருவரும் என்ன நினைக்கிறீர்கள்?

ஒருலென்ஸ்போதும்:
மெல்லிய லென்ஸின் சூத்திரத்தை, 12 தொகுதிகளாக அமைந்த 16 கண்ணாடிகளுக்குப் பொருத்திப் பார்ப்பவரிடம் என்ன பேசுவது? தொலைவை எடுக்கும் டெலிபோட்டோ அமைப்பில், சூத்திரத்தின் தூரங்களை எங்கிருந்து அளக்க வேண்டுமோ அந்த முதன்மைத் தளங்கள் குழலுக்குள் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை. எனவே அந்த 75 என்பது நிழல்விரும்பியின் நோட்டுப்புத்தகத்தில் மட்டுமே வாழும் எண். அவர் லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் தேடி, அடுத்ததை மாட்டி முடிப்பதற்குள் மீன்கொத்தி மீனோடு கிளைக்குத் திரும்பிவிட்டிருக்கும். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் சென்சாரில் தூசி இறங்குகிறது; எஃப் 16இல் வானத்தை எடுத்துப் பார்த்தால் கரும்புள்ளிகள் வரிசையாக நிற்கும். என்னிடம் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் என் கேமராவிலிருந்து லென்ஸ் கழன்றதே இல்லை.

நிழல்விரும்பி:
கழற்றாமலே வைத்திருப்பதைச் சாதனை என்று சொல்லிக்கொள்பவரை முதன்முறையாகப் பார்க்கிறேன். முதன்மைத் தளங்கள் நகரும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் 'தோராயமாக' என்று எழுதினேன், அந்தச் சொல்லை வசதியாகத் தாண்டிப் போய்விட்டார். தளங்களை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், 0.22 என்ற உருப்பெருக்கம் நகரப்போவதில்லை. அது 200 அல்ல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இத்தகைய லென்ஸ் கழுத்தில் தொங்கும்போது, முன்குழல் தன் எடையால் தானே வழுக்கிக் கீழே இறங்கிவிடும். நடக்க நடக்க நீண்டுகொண்டே போகும் ஒரு கருவியைப் பயணத்துக்கென்றே பிறந்தது என்று புகழ்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். வெயில்காலம் கேட்ட கேள்விக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த 200 விவகாரம் தீரட்டும்.

பழையஃபிலிம்:
குழல் இறங்கியது 2005இல் வந்த நிக்கான் 18-200இல். 2009இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கென்று ஒரு பூட்டே வைத்துவிட்டார்கள். பழைய குற்றப்பத்திரிகையை வைத்துக்கொண்டு புதிய வழக்கு நடத்த வேண்டாம்.

நிழல்விரும்பி:
பூட்டு 18இல் மட்டும்தான் விழும். 50இலோ 100இலோ வைத்து லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள், பார்ப்போம். பூட்டிய நிலையில் படம் எடுப்பதானால் அது 18 மி.மீ. பிரைம் லென்ஸ், அப்படியென்றால் நீங்களும் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள், வரவேற்கிறேன்.

ஒருலென்ஸ்போதும்:
கட்சி மாற்றுவதில் காட்டும் வேகத்தைப் படம் எடுப்பதில் காட்டியிருந்தால், இத்தனை நாளில் இவருடைய பயணப் படம் ஒன்றையாவது நாங்கள் பார்த்திருப்போம். இதுவரை பார்த்தவையெல்லாம் செங்கல் சுவரும் சோதனை அட்டையும்தான். ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு, நடுவில் நிற்கும் மனிதர் கண்ணில் படமாட்டார். முடிவிலியில் அது 200. முடிவிலியில் அது 200 தான்.

வெயில்காலம்:
எஃப் 5.6 பற்றி யாராவது ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் பயணம் கிளம்புகிறேன், 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் என் கேள்வி.

நிழல்விரும்பி:
முடிவிலியில் வாழ்பவர்களுக்கு அது 200 ஆகவே இருக்கட்டும். நானோ மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் கையை, அந்தக் கையிலுள்ள மோதிரத்தை, சுவரில் செதுக்கிய பூவின் ஓர் இதழை எடுக்கிறவன். அன்றாடப் படங்கள் என்று முதலில் சொன்னவரே அவர்தான்; அன்றாடம் நம் அருகில் இருப்பவற்றில் முடிவிலியில் இருப்பது நிலவு ஒன்றுதான். என் படங்களை ஏன் போடுவதில்லை என்று கேட்கிறார். வண்டுப் படத்தை இரண்டு லென்ஸிலும் எடுத்து, அருகருகே வைத்து அவர் முதலில் போடட்டும். பிறகு என் சுவரைப் பற்றிப் பேசலாம். அதுவரை அவருடைய ஒவ்வொரு பதிலுக்குக் கீழும் 75 என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதாக இருக்கிறேன்.

ஒருலென்ஸ்போதும்:
தாராளமாக எழுதுங்கள். பக்கத்தில் 'தோராயமாக' என்பதைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

நிழல்விரும்பி:
75, தோராயமாக.

பழையஃபிலிம்:
ஃபில்டர் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. கடற்கரையில் உப்புக்காற்றும் மணலும் அடிக்கும்போது, வெறும் முன்கண்ணாடியை எதைக் கொண்டு துடைக்கிறார் என்று நிழல்விரும்பி சொல்வாரா, மாட்டாரா?