டிஎஃப் 47 ஜிபி, டியு 17 ஜிபி: எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. உபுண்டு சர்வர், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம், ரூட் பார்ட்டிஷன் 50 ஜிபி. காலையிலிருந்து பில்லிங் அப்ளிகேஷன் டிஸ்கில் இடமில்லை என்று எர்ரர் தருகிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச் போட்டால் மொத்தம் 49 ஜிபி, பயன்பாடு 47, மீதம் 0. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியு -எக்ஸ்எஸ்எச்சை சூடோவோடு (அட்மின் உரிமையோடு) போட்டால் ரூட் முழுவதும் சேர்த்தே 17 ஜிபிதான் வருகிறது. மீதி 30 ஜிபி எங்கே? நேற்று மாலை அப்ளிகேஷனின் பெரிய லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்தேன், ஒரு எம்பிகூடத் திரும்பவில்லை. ஃபைல்சிஸ்டம் கெட்டிருக்கும், அதைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே -ஒய் போடு என்கிறார் மேலாளர். பகலில் சர்வரை நிறுத்த முடியாது. ஓடும்போதே போடலாமா?

பதில் 1

தயவுசெய்து போடாதீர்கள். மவுண்ட் ஆகி (சிஸ்டத்தில் இணைந்து) எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல்சிஸ்டத்தில் எஃப்எஸ்சிகே கை வைத்தால், நன்றாக இருப்பதும் கெட்டுப்போகும். கர்னல் மெமரியில் ஒன்றை வைத்திருக்கும், எஃப்எஸ்சிகே டிஸ்கில் வேறொன்றைத் திருத்தும்.

டியு டைரக்டரிகளுக்குள் நடந்து பார்த்து, பெயர் உள்ள ஃபைல்களைத்தான் கூட்டும். டிஎஃப் எத்தனை பிளாக் (டிஸ்கின் சிறு துண்டு) காலி என்று ஃபைல்சிஸ்டத்திடமே கேட்கும். நீங்கள் ஆர்எம் போட்டபோது போனது பெயர் மட்டும்தான். அப்ளிகேஷன் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருந்தால் ஐநோடும் (ஃபைலின் விவரப் பதிவு) பிளாக்குகளும் அப்படியே இருக்கும். பெயர் போயும் திறந்தே இருக்கும் ஃபைல்களைக் காட்டும் சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டு, வருவதை இங்கே சொல்லுங்கள்.

மொத்தத்துக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே 2 ஜிபி இருந்தும் மீதம் 0 என்று காட்டுவது கோளாறு இல்லை. எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் யூசருக்கு ஒதுக்கி வைக்கும்.

கேட்டவர்

ஜாவா பிராசஸ், பிஐடி (பிராசஸ் எண்) 2143. இரண்டு வரி வருகிறது, 1டபிள்யூ, 2டபிள்யூ என்று. இரண்டிலும் 24 ஜிபி, ஓரத்தில் டெலிட்டட். 24ஐயும் 24ஐயும் கூட்டினால் 48 வருகிறதே?

பதில் 1

ஐநோடு எண்ணைப் பாருங்கள், இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். வழக்கமான அவுட்புட்டும் எர்ரரும் ஒரே ஃபைலுக்குப் போகின்றன, அதனால் 24 மட்டும்தான். லாக் தேவையென்றால் முதலில் /புராக்/2143/எஃப்டி/1 ஐ வேறு டிஸ்குக்கு சிபி செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதே பாதைக்கு ட்ரங்கேட் -எஸ் 0 கொடுங்கள், ஃபைல் காலியாகும். பிராசஸை நிறுத்த வேண்டியதில்லை.

கேட்டவர்

செய்தேன், பயன்பாடு 23க்கு இறங்கிவிட்டது, பில் ஓடுகிறது. மிக்க நன்றி! ஆனால் எல்எஸ்ஓஎஃப் மறுபடி 24 ஜிபி என்றே காட்டுகிறது. திரும்ப நிறைகிறதா?

பதில் 1

இல்லை, பயப்படாதீர்கள். அப்ளிகேஷனை ஒற்றைப் பெரிது குறி (>) போட்டு லாகுக்குத் திருப்பியிருப்பீர்கள். அப்படித் திறந்த ஃபைலில் அது விட்ட இடத்திலிருந்தே எழுதும். காலியாக்கினாலும் அடுத்த வரி 24 ஜிபி தள்ளிப் போய் விழும், முன்னால் இருப்பது வெறும் ஓட்டை. அளவு பெரிதாகத் தெரியும், டிஸ்கில் இடம் பிடிக்காது. இரவு ரீஸ்டார்ட் செய்யும்போது இரட்டைப் பெரிது குறியாக (>>, எப்போதும் ஃபைலின் கடைசியில் எழுதும்) மாற்றி, லாகைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் (நகலெடுத்துவிட்டுக் காலியாக்கும் வழி) சேருங்கள்.

பதில் 2

23க்கும் 17க்கும் நடுவே இன்னும் 6 ஜிபி இருக்கிறதே. பேக்கப் டிஸ்க் எதையாவது தனியாக மவுண்ட் செய்கிறீர்களா? அது மவுண்ட் ஆகாத ஒரு நாளில் பேக்கப் ஓடியிருந்தால், ஃபைல்கள் ரூட்டிலேயே விழுந்திருக்கும். பிறகு டிஸ்க் மேலே மவுண்ட் ஆனதும் அவை மறைந்துவிடும், டியு கண்ணுக்கும் படாது. மவுண்ட் --பைண்ட் கொண்டு ரூட்டை /எம்என்டி மேல் வைத்து, /எம்என்டி/பேக்கப் உள்ளே பாருங்கள்.

மேலாளர் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த மாதிரி நேரத்தில் ரீபூட் செய்து எஃப்எஸ்சிகே ஓட்டினால் இடம் நிஜமாகவே திரும்பும். பிராசஸ் செத்ததால்தான் திரும்புகிறது, பெயர் எஃப்எஸ்சிகேவுக்குப் போய்விடுகிறது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். டிமெஸேஜில் (கர்னல் செய்திகள்) எக்ஸ்ட்4 எர்ரர் வரி இருந்தால், அல்லது பார்ட்டிஷன் தானாக ரீட்-ஒன்லி ஆனால், அப்போதுதான் எஃப்எஸ்சிகே வேண்டும். அதுவும் ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அப்போதைய நகல்) எடுத்த பிறகு, அன்மவுண்ட் செய்து. ரூட்டாக இருந்தால் பூட் வரியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் சேர்த்து. முடிந்ததும் லாஸ்ட்+ஃபவுண்டையும் திறந்து பாருங்கள், பெயர் தொலைத்த ஃபைல்கள் ஐநோடு எண்ணோடு அங்கேதான் கிடக்கும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் கதையே வேறு. அங்கே எஃப்எஸ்சிகே ஒன்றும் செய்யாது, எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்தான். அதில் -எல் போட்டால் ஃபைல்சிஸ்டத்தின் சொந்த லாகில் இருந்து இன்னும் உரிய இடத்தில் எழுதப்படாமல் நிற்கும் மாற்றங்கள் போய்விடும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடுங்கள்.

கேட்டவர்

அப்படியே கிடந்தது! போன மாதத்து பேக்கப், 6 ஜிபி. சரிபார்த்து அழித்துவிட்டேன், டிஎஃப்பும் இப்போது 17 என்கிறது. டிமெஸேஜில் எர்ரர் எதுவும் இல்லை.

பதில் 2

நல்லது. பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் -க்யூ சேர்த்துவிடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.