கிரியர்சன் எடுத்தது ஆவணப்படமா, அரசாங்க விளம்பரமா?

பழைய ரீல்:
ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிரியர்சனை ‘ஆவணப்படத்தின் தந்தை’ன்னு சொல்லியே பழகிட்டோம். அவர் தானே முழுசா இயக்கினதுன்னு பேர் வாங்கினது 1929ல வந்த ‘டிரிஃப்டர்ஸ்’ ஒண்ணுதான். மத்ததெல்லாம் தயாரிப்பு. காசு யாருது? முதல்ல பிரிட்டிஷ் பேரரசுப் பொருள்களை விளம்பரம் பண்ணின எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு, அப்புறம் பிரிட்டிஷ் தபால் துறை, 1939ல இருந்து கனடா அரசு. இதை விளம்பரத் துறைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

மாதவரம் மணி:
அந்தக் காசை வாங்கின கதை தெரியுமா? கஜானா பொறுப்புல இருந்த ஆர்தர் சாமுவேல், ஹெர்ரிங் மீனைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினவர். ‘டிரிஃப்டர்ஸ்’ படத்துக்குக் காசு கேக்கணும், அதனால மீன்பிடிப் படம்னு போய் நின்னாங்க. மனுஷன் மசிஞ்சுட்டார்! தயாரிப்பாளர் வேலைன்னா இதுதான் சார். படத்துல ஹீரோ யாரு? வலை இழுக்கிற ஆளுங்க.

பழைய ரீல்:
அந்த ஆளுங்க இருக்கிற படகு அறை கரையில போட்ட செட். 1936ல வந்த தபால் ரயில் படம் ‘நைட் மெயில்’ல கடிதம் பிரிக்கிற ரயில் பெட்டியும் செட்தான். ரயில் ஓடுற மாதிரி தெரியணும்னு ஊழியர்களை லேசா ஆடச் சொல்லி எடுத்தாங்க. நிஜமாம்!

மாதவரம் மணி:
அந்தக் காலத்து லைட்டையும் ஒலிக்கருவியையும் ஓடுற பெட்டிக்குள்ள ஏத்திப் பாருங்க, தெரியும். ஆடினவங்க நிஜமான தபால் ஊழியர்கள்.

ஹட்டன் பேத்தி:
அண்ணாமாரே, செட் சண்டையை விடுங்க. நான் இலங்கை மலையகம், ஹட்டன். கிரியர்சன் தயாரிச்சு பாசில் ரைட் இயக்கின ‘சாங் ஆஃப் சிலோன்’ (1934) பார்த்தேன். காசு குடுத்தது தேயிலைப் பிரசார சபை. அழகான படம், இல்லேன்னு சொல்லல. ஆள் வேலை செய்யிற காட்சிக்கு மேல சந்தை விலையும் கப்பல் வரவும் குரல் குரலா ஓடும்போது சிலிர்த்துப் போச்சு. ஆனா எங்க பாட்டி தலையில கூடைக் கயிறு மாட்டிக் கொழுந்து எடுத்தவங்க. தொழிலாளர் குடியிருந்த லயத்தைப் பத்தி, வேலை வாங்கின கங்காணியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. வர்ணனைக்கு 1681ல ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பத்தி எழுதின புத்தகம்! அப்ப அங்க தேயிலையும் இல்ல, எங்க ஆட்களும் வரல.

மாதவரம் மணி:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. ஒண்ணு மட்டும் சொல்றேன். சபை விளம்பரம் கேட்டுது. வந்த படத்துல சந்தைக் குரல் ஆளை முழுங்குது. அதை வெட்டாம வெளிய விட்டவர் கிரியர்சன்.

பழைய ரீல்:
முழுங்கினதுக்குக் குரல் இருக்கு. முழுங்கப்பட்டவங்களுக்கு?

மாதவரம் மணி:
நேர்ல குரல் பதிவு பண்றது அப்ப லேசுப்பட்ட வேலையில்லையே.

பழைய ரீல்:
அடுத்த வருஷமே ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ படத்துக்காக லண்டன் சேரி வீடுகளுக்குள்ள போய், குடியிருந்தவங்களையே கேமராவைப் பார்த்துப் பேச வச்சாங்களே! எல்லாம் அவர் பட்டறை ஆட்கள். அவர் தங்கச்சி ரூபியும் அதுல வேலை செஞ்சாங்க. காசு கேஸ் கம்பெனிங்களோடது.

ஹட்டன் பேத்தி:
அந்த மைக்கு ஹட்டன் வரைக்கும் வரல பாருங்க.