புதிய திருத்தந்தை, பழைய பூசைக்காரர்கள்: உங்களுக்கு நேரில் நடந்தது என்ன?

மணிக்கூண்டு:

நானே தொடங்கி வைக்கிறேன். (பழைய பூசை என்று இங்கே சொல்வது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பிருந்த லத்தீன் பூசையை.) 2025 மே 8, தூய பேதுரு சதுக்கம். வெண்புகை வந்தாயிற்று, பெயரும் அறிவித்தாயிற்று. பதினான்காம் லியோ ஆகிவிட்ட கர்தினால் ப்ரெவோஸ்ட் யாரென்று தெரியாமல் பாதிப் பேர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் ஓரம் நைந்த லத்தீன் பூசைப் புத்தகம். அதுவரை அவரோடு வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை.

லியோ மாடத்துக்கு வந்ததும் மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "மொசெட்டா! மொசெட்டா!" என்கிறார். அந்தச் சிவப்புத் தோளாடைதான். 2013இல் பிரான்சிஸ் அது இல்லாமல் வெறும் வெள்ளை அங்கியில் வந்து நின்றதைப் பழைய பூசைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை, உங்களுக்குத் தெரியாததா. கண்ணீர் தாடை வரை ஓடுகிறது, பிடி இறுகிக்கொண்டே போகிறது.

அப்புறம் திருத்தந்தை பேச ஆரம்பித்தார். அமைதி என்றார், பிடி அப்படியே இருந்தது. பிரான்சிசுக்கு நன்றி சொன்னார், விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. ஒன்றிணைந்து பயணிக்கும் திரு அவை என்ற, பிரான்சிஸ் காலத்துப் பேச்சு வந்ததும் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசியில் லத்தீனில் ஆசீர் தொடங்கியபோது அந்த நெரிசலிலும் கல்தரையில் முழந்தாளிட்டார்.

அவருக்கு அன்று சந்தோஷமா ஏமாற்றமா? எழுந்ததும் கேட்டிருக்கலாம். அதற்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. உங்களுக்கும் இப்படி ஏதாவது மனதில் நின்றுவிட்டதா?

ஓரப்பந்தி:

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். எந்த மறைமாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. 2021 ஜூலையில் பழைய பூசையைக் கட்டுப்படுத்தி பிரான்சிஸ் போட்ட ஆணைக்குப் பிறகு எங்கள் லத்தீன் பூசை கோயிலை விட்டுப் பள்ளி ஜிம்முக்குப் போனது. கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே பீடம். விளையாட்டுக்காகப் போட்ட கோடுகளின் மேல் முழந்தாளிட வேண்டும்.

மே 8க்கு அடுத்த ஞாயிறு. பூசைக்கு முன்னால் எல்லாரும் லியோ லியோ என்று ஒரே உற்சாகம். பெயரை வைத்தே கணக்குப் போட்டார்கள்: பதின்மூன்றாம் லியோ என்றால் பழைய பூசை முடிவில் சொல்லும் மிக்கேல் அதிதூதர் செபம், அதனால் இவர் நம்ம ஆள். (தேர்தல் முடிந்த இரண்டாம் நாளே, மே 10இல், திருத்தந்தையே கர்தினால்களிடம் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லிவிட்டார்: 1891இல் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய ரேரும் நொவாரும் என்ற சுற்றுமடல், இப்போதைய செயற்கை நுண்ணறிவு. மிக்கேல் கணக்கு மட்டும் நிற்கவில்லை.)

மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்த ஒரு அப்பாவிடம் நானும் அதே உற்சாகத்தில், "இனி கோயிலுக்கே திரும்பிடலாம் போல" என்றேன். அவருடைய மூத்த பையன் பீடத்தின்மேல் லத்தீன் செப அட்டைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார். "அவன் காதில் விழ இதைச் சொல்லாதீர்கள். போன தடவை நான்தான் அவனுக்கு ஆசை காட்டினேன். அப்புறம் ராத்திரியில் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் நான்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை விரிக்கப் போய்விட்டார்.

கிறுக்கல்:

மணிக்கூண்டு அண்ணா, உங்கள் பெரியவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தோளாடையை வைத்து ஆரூடம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வத்திக்கான் சங்கத்தைக் கூட்டிய இருபத்துமூன்றாம் யோவான் அதைப் போட்டவர்தான். 1969இல் புதிய பூசை முறையை அறிவித்த ஆறாம் பவுலும் போட்டவர்தான். இரண்டாம் யோவான் பவுல் அதே ஆடையில்தான் 1978இல் மாடத்துக்கு வந்தார். 1984இல் பழைய பூசைக்குக் கொஞ்சம் வழி விட்டவரும் அவரே, 1988இல், உரோமையின் அனுமதியில்லாமல் ஆயர்களைத் திருநிலைப்படுத்திய பழைய பூசைக்காரர் பேராயர் லெஃபெவ்ர் விவகாரத்தில் சபை விலக்கம் என்று அறிவித்தவரும் அவரே. துணியில் என்ன இருக்கிறது?

என் கதை சின்னது. பழைய பூசை வைக்கும் ஒரு சாமியாரிடம் தேர்தல் அன்று போனில் வாழ்த்துச் சொன்னேன். "யாரை ஆயராகப் போடுகிறார் என்று பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடு" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். ஆனால் அது நியாயமான பேச்சு. 2023லிருந்து ஆயர்கள் நியமனத் துறையின் தலைவராக இருந்தவர் இந்த ப்ரெவோஸ்ட். மனிதரை எடைபோட வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். யூடியூபில் கர்தினால்களின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி "பார்த்தீர்களா, சிரிக்கவில்லை" என்கிற கூட்டத்தை நம்பாதீர்கள். மே மாதம் "மீட்பு வந்துவிட்டது" என்று தலைப்புப் போட்ட அதே ஆட்கள் அக்டோபரில் ஏழைகள் பற்றிய அவருடைய திலெக்சி தே என்ற ஏடு வெளியானதும் "நம்மைக் கைவிட்டார்" என்று போட்டார்கள். நடுவில் அவர் மாறவில்லை, இவர்களுக்கு வீடியோ போட வேண்டியிருந்தது. நான் அந்தச் சேனல்களை எல்லாம் விட்டுவிட்டேன். உரைகளை முழுதாகப் படிக்கிறேன். சலிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மணிக்கூண்டு:

தம்பி, நான் ஆரூடம் சொல்லவில்லை. ஒரு மனிதர் என் கையைப் பிடித்ததைச் சொன்னேன்.

பாடகர்குழு:

என் பெரியம்மா கன்னியர் மடத்தில் இருக்கிறார். சங்கத்துக்கு முன்பே மடத்தில் சேர்ந்தவர், அதனால் லத்தீன் பாட்டெல்லாம் மனப்பாடம். பழைய பூசைதான் வேண்டும் என்று கொடி பிடிக்கிறவர் இல்லை. பேச்சு மட்டும் பழைய பேச்சு, இவருக்கும் "பதினாலாம் சிங்கராயர் பாப்பரசர்"தான்.

மே 11 ஞாயிறு நண்பகல் நான் அவரோடு இருந்தேன். டிவியில் திருத்தந்தை ரெஜினா சேலி என்ற லத்தீன் மாதா செபத்தை வெறுமனே சொல்வதற்குப் பதில் பாடத் தொடங்கினார். பெரியம்மா செபமாலையைக் கீழே வைத்துவிட்டு ஒரு சொல் பிசகாமல் கடைசி அல்லேலூயா வரை கூடவே பாடினார். முடிந்ததும், "சுதி விலகலை" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

இதைச் சந்தோஷமாகச் சொல்லி நிறுத்தியிருப்பேன். ஆனால் நவம்பர் 4ஆம் தேதி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் குறிப்பு வந்ததே, மாதாவை இணை மீட்பர் என்று அழைப்பது பொருத்தமில்லை என்று. அதை நான்தான் போனில் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "யாரு கையெழுத்து?" என்றார். துறைத் தலைவர் கர்தினால் பெர்னான்டஸ், திருத்தந்தையின் ஒப்புதலோடு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அன்னைக்குப் பாடினவருதானே?"

ஆமாம் என்றேன். "சரி, வை" என்றார். இன்றுவரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

முக்காடு:

2025 அக்டோபர் 25, கர்தினால் பர்க் தூய பேதுரு பேராலயத்தில் பேதுருவின் அரியணைப் பீடத்தில் பழைய பூசை வைத்த நாள். நானும் போனேன். பழைய பூசைக்காரர்கள் வருடந்தோறும் உரோமைக்கு வரும் திருப்பயணம் அது; முந்தின இரண்டு வருடம் அங்கே பூசைக்கு அனுமதி இல்லை என்பதால் கூட்டம் பிதுங்கியது. உட்கார இடமில்லாதவர்கள் பளிங்குத் தரையிலேயே.

என்னருகில் ஓர் இளம் தாய். கைக்குழந்தையைத் தன் கோட்டின்மேல் கிடத்தியிருந்தாள். நடுப்பூசையில் எல்லாச் சத்தமும் அடங்கியிருந்தபோது குழந்தை வீறிட்டது. அவள் பதறிப்போய் எழுந்தாள். பின்னால் நின்ற வயதான இத்தாலிய அம்மா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "அழட்டும், அடுத்த வருடம் இங்கே அழ விடுவார்களோ என்னவோ" என்றார்.

அங்கிருந்த எல்லார் மனதிலும் இதே கணக்குத்தான் ஓடியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆணை அப்படியே இருக்கிறது, இன்றைக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. ஆனாலும் கிறுக்கல் தம்பி, கதவு திறந்தது நிஜம். அதையும் "துணி" என்று தள்ளிவிடாதீர்கள்.

பழைய குருத்துவ மாணவன்:

சகோதரர் ஓரப்பந்திக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அனுபவம் இவ்வளவுதான்: லத்தீன் பூசை கேட்டு ஒரு ஆயர் இல்லத்துக்கு வந்த மனுவை ஒருமுறை பார்த்தேன். முதல் பத்தியிலேயே "நவீனவாதிகள்" என்று வசை இருந்தது. செயலர் அதற்குமேல் படிக்கவில்லை.

ஆகவே எழுதுங்கள், ஆனால் எப்படி எழுதுவது என்று தெரிந்து எழுதுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து பங்குக் கோயிலில் பழைய பூசை வைக்க ஆயரே உரோமையிடம் அனுமதி வாங்க வேண்டும். அதனால் அவரை எதிரியாக்காதீர்கள், உங்களுக்காக அவர்தான் கேட்க வேண்டியவர். இரண்டாவது, சங்கத்தையும் புதிய பூசை முறை செல்லும் என்பதையும் ஏற்கிறோம் என்று தெளிவாக எழுதுங்கள். 2021 ஆணையிலேயே அது ஒரு நிபந்தனை. இறையியல் வாதம் வேண்டாம். எத்தனை குடும்பங்கள், எத்தனை பிள்ளைகள், பங்குக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதினால் போதும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எல்லாரும் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பாமல் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, கையால் எழுதினால் நல்லது. திருத்தந்தையே 2025 செப்டம்பரில் வந்த பேட்டியில், பழைய முறை கேட்பவர்களோடு உட்கார்ந்து பேச இன்னும் வாய்ப்பு அமையவில்லை என்றுதான் சொன்னார், கதவை மூடவில்லை. புதிய முறையை லத்தீனில் வைக்கத் தடையே இல்லை என்றும் சொன்னார். அதை முதலில் கேட்டுப் பார்க்கலாமே? இன்னொன்று, ஆயரைப் பார்க்கப் போகும்போது பெண்களையும் அழைத்துப் போங்கள். தாடி வைத்த இளைஞர்கள் மட்டும் போனால் படை வந்தது போல் தோன்றும்.

ஓரப்பந்தி:

ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. ஒவ்வொரு வீடும் எழுதினோம். கையால்தான். சங்கத்தை ஏற்கிற வரியும் இருந்தது. நாற்காலி விரித்த அந்த அப்பாவின் கடிதத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன், நவீனவாதி கிவீனவாதி எதுவும் இல்லை. "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் வந்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அதே வாசகம்.

புதிய முறையை லத்தீனில் வைப்பது பற்றி அந்த அப்பாவிடம் கேட்டேன். "வைத்தால் போவேன். ஆனால் பையன் பூசையில் உதவுகிறவன் சொல்ல வேண்டிய பழைய லத்தீன் பதில்மொழிகளை முழுதாகப் படித்து முடித்துவிட்டான், அவனிடம் நீங்கள் சொல்லுங்கள்" என்றார். நான் இன்னும் சொல்லவில்லை.